அவுக சொன்னாக

அந்தக் கதையை அடைக்கலம் பல வருஷமாக நம்பவில்லை. கதை அவரைப் பற்றியதுதான். அதில் அவர் யோசனைக்காரராக வருகிறார், ஆசையை அடக்கியவராக வருகிறார், சரியான நேரத்தில் வாயைத் திறந்து ஒரே ஒரு பேச்சுப் பேசிக் குடும்பத்தைத் தலைகுனியாமல் காப்பாற்றியவராக வருகிறார். ஊரே நம்புகிற அந்தக் கதையை நம்பாத ஒரே ஆள் அவர்தான் என்பது யாருக்கும் தெரியாது. இப்போதும், பந்தல் வாசலில் கட்டிய வாழைமரத்துக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றுகொண்டு, ஆடி வெயில் பின்கழுத்தில் ஏற ஏற, வருகிறவர்களை எல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் கதை பூனை மாதிரி வந்து காலை உரசிக்கொண்டே இருந்தது. வாங்கண்ணே, வாங்க. மொதல்ல பந்திக்குப் போங்க. மதினி வரலையா? வாங்க மாப்ள. இப்படி அவர் நிற்பது இது இரண்டாவது தடவை. பேராவூரணிப் பக்கத்தில் ஒரு குடும்பம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் மொய் விருந்து வைக்கும். அவருக்குப் புயலும் அதன் பின்னால் நோய்க்காலமும் குறுக்கே விழுந்ததில் இன்னும் தள்ளிப்போய்விட்டது. காலையில், பந்தலுக்குள்ளேயே மேசை போட்டுப் பணம் எண்ணும் இயந்திரத்தோடு உட்கார வந்த வங்கி அதிகாரியம்மா, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், ஏங்க சார், கல்யாணமும் இல்லை காதுகுத்தும் இல்லை, வெறும் கறிச்சோறு போட்டுப் பணம் வாங்குறீங்களே, இது வரவா, கடனா என்று கேட்டார். ரெண்டுந்தாம்மா என்றார் அடைக்கலம். நாம் முன்னால் வைத்த மொய் இன்று நமக்குத் திரும்பி வரும், அதற்கு மேலே கொஞ்சம் புதிதாகவும் வரும். அந்தப் புது மொய்யை, வைத்தவர் விருந்து போடும்போது நாம் திருப்பி வைக்க வேண்டும், நம் பங்குக்கு மேலே கொஞ்சம் சேர்த்து. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கேட்டு வாசலில் வந்து நிற்க ஆளும் கிடையாது. வைக்காமல் விட்டால் போலீஸ் வராது. ஆனால் அந்தத் தெரு வழியாகப் போக முடியாது. இதையெல்லாம் வளவளவென்று சொன்னார், அந்தம்மாவும் தலையாட்டினார். ஒரே மூச்சில் சொல்லிவிட அவரிடம் புகழ்பெற்ற வாக்கியம் ஒன்று இருந்தது. ஊரே அவர் பேரில் சொல்கிற வாக்கியம். வாய் வரை வந்தது. அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிற கூச்சம் வந்து, விழுங்கிவிட்டார்.

கதையைச் சொல்வது இளஞ்சியம், அவர் மனைவி. மகளிர் குழுக் கூட்டத்தில் சொல்வாள், ரேஷன் கடை வரிசையில் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்வாள். பெரிதாக ஜோடிக்க மாட்டாள். "போன தடவை விருந்து வச்சோம்ல, மறுநா காலையிலயே வைரக்கண்ணு அண்ணன் வந்து நிக்கிறாக. லாரி ஒண்ணு வெலைக்கு வருதாம், வாங்கித் தேங்கா ஏத்துவோம்னு. எங்க வீட்டுல அவுக சொன்னாக, மச்சான், இது நம்ம காசு இல்ல. ஊருக்காசு நம்ம வீட்டுல வந்து படுத்துக் கெடக்கு. எந்திரிச்சுப் போறப்ப தனியாப் போவாது, கூட ஒராளைக் கூட்டிக்கிட்டுத்தான் போகும். அதுக்கு ஒரு பாயை விரிச்சுப் போடுவோம், வண்டியில ஏத்தி ஊரு சுத்த விட வேணாம்னு. அவுக சொன்னாக, நான் பேங்குல கொண்டுபோய்ப் போட்டேன். அம்புட்டுத்தான் நான் செஞ்சது." கேட்கிற பெண்கள் ஆளுக்கொரு பெருமூச்சு விடுவார்கள். எங்க வீட்டு ஆளுக்கும் அப்படி ஒரு புத்தி இருந்திருந்தா என்பார்கள். அந்தப் பெருமூச்சுகள் எல்லாம் சேர்ந்துதான் அடைக்கலத்துக்கு ஊரில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்திருந்தன. நிலம் விற்றவன், அடகு நகையை மூட்டப் போகிறவன், மகனுக்கு ஆட்டோ எடுத்துக் கொடுக்கலாமா என்று தவிக்கிறவன் எல்லாரும் அவரிடம் வருவார்கள். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, யோசிச்சுச் சொல்றேன்ப்பா என்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது விஷயத்தை அவளிடம் சொல்லுவார். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே எதையோ சொல்லுவாள். மறுநாள் அவர் போய் யோசித்ததைச் சொல்லுவார். இது இத்தனை வருஷமாக நடக்கிறது, இதில் ஒரு தந்திரமும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை, கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவன் கயிற்றைப் பற்றி யோசிக்காத மாதிரி. வாங்க வாத்தியாரே. ஆமா, நாந்தேன், எளைச்சுட்டேனா? அதெல்லாம் வெயிலு. உள்ள போங்க.

அவரால் நம்ப முடியாததற்குக் காரணம் அந்த நீல லாரி. அதை அவர் பார்த்ததுகூடக் கிடையாது, வைரக்கண்ணு சொல்லித்தான் தெரியும். ஆனால் விருந்துக்கு முந்தின வாரம் முழுக்க அது அவர் கண்ணுக்குள் நின்றது. நெற்றியில் யாழினி என்று மகள் பேரை வளைவாக எழுத வேண்டும், பின்பக்கம் ஒலி எழுப்பவும் என்பதற்கு மேலே இரண்டு மயில். தோப்பில் காய் வெட்டி, வியாபாரி வந்து எண்ணி, நூற்றுக்கு இத்தனை கழிவு என்று தள்ளி, கடைசியில் கையில் வைக்கிற காசைப் பார்த்துப் பார்த்து அலுத்த மனுஷன் அவர். சொந்த லாரியில் காயை ஏற்றி, டிரைவர் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து காங்கேயம் வரை போக வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுஷன். அப்படிப்பட்டவன் விருந்து முடிந்த மறுநாள் காலையில், கறி வாசனை வீட்டைவிட்டு இன்னும் போகாத நேரத்தில், திடீரென்று ஞானி மாதிரி ஊருக்காசு, பாய் என்றெல்லாம் பேசியிருப்பானா? அதுவும் எந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு? அன்றைக்கும் இப்படித்தான் நின்றார், காலையிலிருந்து கடைசிப் பந்தி வரை வாங்க வாங்க என்று கத்தி, சாயங்காலம் குரல் உடைந்து, இருட்டுவதற்குள் வெறும் காற்றாகப் போனது. மறுநாள் உள்ளறையில் காற்றாடிக்குக் கீழே கிடந்தது ஞாபகம் இருக்கிறது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது, நெற்றி சுட்டது. இளஞ்சியம் மிளகுரசத்தோடு வந்து தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தது ஞாபகம் இருக்கிறது. வைரக்கண்ணு வந்தது ஞாபகம் இல்லை. அதுதான் சிக்கல். ஞாபகம் இல்லாததால் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. காய்ச்சலில் மனுஷன் என்னென்னவோ பேசுகிறான். தனக்குள்ளே தனக்கே தெரியாமல் ஒரு நல்ல மனுஷன் இருந்து, காய்ச்சலில் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த எண்ணத்தை அவர் பல வருஷம் கைக்குள் பொத்தி வைத்திருந்தார். இன்னொன்றும் உறுத்தும். படுத்துக் கெடக்கு என்பது அவர் பேச்சே இல்லை. அது இளஞ்சியத்தின் பேச்சு. பால் உறையாவிட்டால் படுத்துக் கெடக்கு என்பாள், மின்சாரம் குறைந்தால் பல்பு படுத்துக் கெடக்கு என்பாள், மழை வராத மேகத்தைக்கூட அப்படித்தான் சொல்லுவாள். சேர்ந்து வாழ்ந்தால் பேச்சு ஒட்டிக்கொள்ளாதா என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்வார். ஒட்டிக்கொள்ளும்தான். ஆனால் வேறு எப்போதும் ஒட்டாதது அந்த ஒரு காலையில் மட்டும் ஏன் ஒட்டியது?

"என்னா அடைக்கலம்," என்றார் தூரத்துச் சித்தப்பா ஒருவர், பந்தியிலிருந்து பல் குத்திக்கொண்டே வெளியே வந்து, நாலு பேர் காதில் விழும்படி. "எலையில எலும்பாவே விழுகுது. கறியவெல்லாம் பேங்குல போட்டுட்டியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "போட்டிருக்கேன் சித்தப்பா, அஞ்சு வருசம் கழிச்சு வாங்க, முழு ஆடா வாங்கிட்டுப் போகலாம்," என்றார் அடைக்கலம். குரல் பாதியில் ஒருமுறை விரிசல் விட்டது. சித்தப்பா மொய் எழுதுகிற மேசைப் பக்கம் போய், பேரைச் சத்தமாகச் சொல்லி, மடியிலிருந்து பணத்தை எடுத்து வைத்துவிட்டு, திரும்பி வந்து தோளில் தட்டி, "உனக்கு வைக்கிறதுக்கு யோசிக்க வேண்டியதில்லப்பா, மொய்க்குப் பயந்து வைக்கப்போருக்குள்ள ஒளியிற ஆளு இல்ல நீ," என்று போனார். அந்த வார்த்தை உடம்புக்குள் சூடாக இறங்கியது. கஜா புயல் அடித்த மறுநாள் காலை தோப்புக்குப் போனபோது, மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. தன் தோப்பு, பக்கத்துத் தோப்பு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று எல்லை எதுவும் தெரியவில்லை, ஒரே வானமாக இருந்தது. தோப்புக்குள் அவ்வளவு வானத்தை அவர் பார்த்ததே இல்லை. அடுத்த ஆடியில் விருந்து வைத்தவர்கள் வைத்தார்கள், அவர்களுக்கும் முறை வந்துவிட்டதே. போக வேண்டியவர்களில் பாதிப் பேர் போகவில்லை. வீட்டுக்குள் காய்ச்சல் என்று படுத்தார்கள். மாமியார் ஊருக்குப் போய்விட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பெரிய தெரு வழியாகப் போகாமல் கொல்லை வழியாகச் சுற்றிப் போனார்கள். அடைக்கலம் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பந்தலாகப் போனார். விழுந்த மரத்துக்கு நடுவே இருந்துகொண்டு, ஒரு வீட்டுக்கும் பாக்கி வைக்காமல், வாங்கினதையும் வைத்து மேலேயும் வைத்தார். அந்தச் சட்டையின் கஞ்சி மொடமொடப்பு இன்னும் தோளில் இருக்கிறது. விருந்து வைத்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்கள். ஒருவர் அழுதேவிட்டார். அந்த வருஷம் ஊர் பேசியதெல்லாம் வராத மொய்களைப் பற்றித்தான், ஒரு பந்தலையும் விடாமல் வந்த ஒருவர் அடைக்கலம்.

அந்தச் சட்டைக்குப் பின்னால் நடந்தது இளஞ்சியத்தின் வேலை என்று அவருக்குத் தெரியும். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, பெருமைதான். விருந்துக்கு அடுத்த வாரமே அவள் செய்த முதல் காரியம், மார்வாடி கடையில் மூன்று வட்டிக்குக் கிடந்த ஆரத்தையும் வளையலையும் திருப்பியது. ஊருக்காசை எடுத்து நகையை மூட்டுறியே என்று இவர் கேட்டதற்கு, "அங்க மாசம் மூணு ரூவா ஓடிக்கிட்டு இருக்கறப்ப இங்க பேங்குல போட்டு அரை ரூவா வாங்கி என்னா செய்யிறது? ஓட்டைக் கொடத்தை அடைக்காம தண்ணி ஊத்துனா நெறையுமா?" என்றாள். பிறகு பார்த்தால் அவள் வாயே ஓயவில்லை. குழுவில், நூறு நாள் வேலையில், கோயில் வாசலில், ஏங்க்கா, நீங்க எப்ப வைக்கிறீக, உங்க கொழுந்தனார் அடுத்த ஆடியா அதுக்கடுத்ததா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள். பொம்பளைகளுக்கு ஊர் வம்பு என்று இவர் நினைத்தார். அவள் வங்கியில் பணத்தை ஒரே ரசீதாகப் போடவில்லை. பிரித்துப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆனியில் முதிர்கிற மாதிரிப் போட்டாள், எந்த ஆடியில் எத்தனை வீட்டு விருந்து வரும் என்று பார்த்து, அந்த அளவுக்கு. ஆடி பிறக்கும்போது பணம் குளித்து முழுகித் தயாராக உட்கார்ந்திருக்கும். மிச்சம் நின்றதில் புயலுக்கு அப்புறம் கன்று வாங்கி ஊன்றினார்கள், சொட்டுநீர்க் குழாய் போட்டார்கள். அவள் அப்பா ஒரு காலத்தில் மொய்க்காசில் புல்லட் வாங்கினவர். வாங்கி, ஓட்டி, விற்று, கடைசியில் திருப்பி வைக்க முடியாமல் வாய்க்கால் வயலை விற்றவர். அவள் சிறு பெண்ணாக இருந்தபோது ஆடி மாதம் முழுக்க அவருக்குக் காய்ச்சல்தான். விருந்துக்குக் கூப்பிட வாசலில் யாராவது வந்தால் இவளைத்தான் அனுப்புவார்கள். அப்பா ஊருக்குப் போயிருக்காக. அப்பா நாளைக்கி வரச் சொன்னாக. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே படுத்திருக்கிற ஆம்பளை சொன்னதாக வெளியே நிற்கிற ஆம்பளையிடம் சொல்லி அனுப்புகிற பாவாடைப் பெண். இந்தச் சித்திரம் கல்யாணமான புதிதில் அவளே சொன்னது, சிரித்துக்கொண்டே சொன்னாள். அடைக்கலத்துக்கு இன்று ஏனோ அந்தப் பாவாடையின் நிறம் தெரிய வேண்டும் போல் இருந்தது. வாங்கம்மா, வாங்க. பொம்பளைக பந்தி அந்தப் பக்கம். இளஞ்சியம் அங்கதான் நிக்கிது.

வைரக்கண்ணு வந்தார். வைரக்கண்ணு இளஞ்சியத்துக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அடைக்கலத்துக்கு மச்சான், அதற்கு மேலே பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. பட்டு மாதிரி மின்னுகிற சட்டை, தோளில் புதுத் துண்டு, வாசனை. கெட்ட மனுஷன் இல்லை. யாரையும் ஏமாற்றினதில்லை, தன்னைத் தவிர. லாரியைத் தனியாகவே வாங்கினார், இரண்டு வருஷத்தில் அதை ஃபைனான்ஸ்காரன் வந்து எடுத்துக்கொண்டு போனான். இப்போது தென்னை நார்க் கம்பெனி. நாலு நாளைக்கு முன்னால் டீக்கடையில் வைத்துக் கேட்டார், வர்ற மொய்யை அப்படியே குடு மச்சான், மாசாமாசம் உன் வாசல்ல காசு வந்து நிக்கும் என்று. அடைக்கலம் பாப்போம் என்றார். அடைக்கலம் பாப்போம் என்றால் இந்த ஊரில் அது சரி என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார். ஏன் சொன்னார் என்பது அந்த நாலு நாளாகப் பல்லில் மாட்டிய நார் மாதிரி இருக்கிறது. பாசமா? இந்த ஒருமுறையாவது தானாக ஒரு முடிவைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்கிற அரிப்பா? கதையில் வருகிற அடைக்கலம் உண்மையாகவே உள்ளே இருக்கிறானா என்று தட்டிப் பார்க்கிற ஆசையா? வீட்டில் சொல்லவில்லை. சாப்பிடும்போது வாய் வரை வந்தும் சொல்லவில்லை. "என்ன மச்சான், தேர்த்திருவிழா மாரில்ல கூட்டம்," என்று வைரக்கண்ணு கட்டிப் பிடித்தார். "பந்தி முடியட்டும், வந்து பேசிக்கிறேன். கெணத்தடியில கம்பெனிக்கு மோட்டாரே வந்து எறங்கிருச்சு. இந்தத் தடவையும் போன தடவை மாரி பண்ணிராதப்பா."

"போன தடவை என்னா பண்ணுனேன்?"

"நீ எங்க பண்ணுனே? நீதான் உள்ள படுத்துக்கிட்டியே. தொண்டை கட்டிக்கிச்சு, பேச முடியல, அவுக இப்படிச் சொல்லச் சொன்னாகன்னு தங்கச்சில்ல வாசல்ல நின்னு சொல்லி அனுப்பிச்சு. ஊருக்காசு, பாயி, படுக்கைன்னு. நான் வண்டியில போறப்பவே நெனச்சேன், பேச முடியாதவன் இம்புட்டையும் எப்படிச் சொல்லி விட்டான்னு." வைரக்கண்ணு அதற்குள் ஒன்றும் ஒளிந்திருப்பதாக நினைக்காமல், வயிறு குலுங்கச் சிரித்து, "செரி, மொதல்ல ஈரலைப் பாக்குறேன்," என்று பந்திக்குள் போய்விட்டார்.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் தேடினது வாசலில் நின்று சிரித்துவிட்டு ஈரல் சாப்பிடப் போய்விட்டது. அடைக்கலம் கைகூப்பியபடியே நின்றார். வாங்க, வாங்க என்று வாய் சொன்னது. முதலில், படி இருக்கிறது என்று கால் வைத்து, அங்கே படி இல்லாத மாதிரி இருந்தது. பிறகு, ஆச்சரியமாக, கால் எதிலோ நின்றது. அப்படியானால் உள்ளே ஒரு நல்ல மனுஷன் ஒளிந்திருக்கவில்லை. நல்ல மனுஷி ஒருத்தி வெளியே, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, நின்றிருக்கிறாள். பந்தலுக்கு மேலே கட்டியிருந்த பிளெக்ஸில் அவர் முகம் கைகூப்பிக்கொண்டு சிரித்தது. கடைக்காரன் கன்னத்துக் கரும்புள்ளியை எடுத்துவிட்டு, மயிருக்கு மை போட்டு, ஆளை ஒரு சுற்று வெளுக்க வைத்திருந்தான். அந்த வாக்கியத்தைச் சொன்னது அந்த ஆளாகத்தான் இருக்கும் என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் ஏன் அப்படிச் செய்தாள்? இது வேணாம் என்று இவரிடமே சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால்? அவருக்குள் நின்ற நீல லாரி கேட்டிருக்குமா? சண்டை போட்டிருக்கும், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கும். தன் பேரில் வைரக்கண்ணுவிடம் சொல்லியிருந்தால்? அதற்கு முந்தின வருஷம் உரக் கடன் பேச்சில் அவள் வாயைத் திறந்தபோது, ஏந் தங்கச்சி, இது ஆம்பளைக கணக்கு, நீ போய் டீயப் போடு என்றவர்தானே அவர். அவளும் போய்ப் போட்டாள். நல்ல டீ. அதற்கப்புறம் அவள் யாரிடமும் தன் பேரில் எதையும் சொன்னதில்லை. அவுக சொன்னாக என்பாள். சின்ன வயதில் ஒரு ஆம்பளையின் இல்லாமையை மறைக்கக் கற்ற அதே பேச்சை எடுத்து, இன்னொரு ஆம்பளைக்கு அவனிடம் இல்லாததை உடுத்திவிட்டிருக்கிறாள். கேலியா? இல்லை, கேலி என்றால் இத்தனை வருஷத்தில் ஒருமுறையாவது அவள் கண்ணோரம் சுருங்கியிருக்கும். அவருக்கு அவள் கண்ணோரம் தெரியும். அவள் அவரை ஆளாக்கப் பார்க்கவும் இல்லை, வேலை நடக்க வேண்டும், அதற்கு ஒரு குரல் வேண்டும், வீட்டில் சும்மா கிடந்த குரலை எடுத்துப் பயன்படுத்தினாள், உலக்கையை எடுக்கிற மாதிரி. அதோடு, அவர் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்றும் நினைத்திருக்கிறாள். இரண்டும்தான். ரெண்டுந்தாம்மா. தன் வீட்டில், தன் பக்கத்தில், கூரை ஒழுகாமல் இத்தனை வருஷம் படுத்து எழுந்ததற்குக் காரணமான மூளை, குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தது. மேசையில் எழுதுகிறவர்கள் நிமிர முடியாமல் எழுதுகிறார்கள். பழைய மொய்யைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கலாம், ஒவ்வொருவரும் புது மொய்யும் வைக்கிறார்கள், கூச்சமில்லாமல், கூடுதலாகவே. வெள்ளைச் சட்டைக்கு வைக்கிறார்கள். அந்தச் சட்டையைத் தோய்த்துக் கஞ்சி போட்டது யார் என்று அங்கேயே நின்று கத்தலாம் போல் இருந்தது. கத்தக் குரல் இல்லை.

குரல் உண்மையாகவே போய்க்கொண்டிருந்தது. வாங்க என்பதில் இப்போது ங்க மட்டும்தான் வெளியே வந்தது. வைரக்கண்ணு ஈரலை முடித்து, ரசத்துக்கு வந்து, கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். வந்த பணத்தைக் கட்டுக் கட்டாக வங்கிக்காரம்மா அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே, என்ன மச்சான் என்பார். பாப்போம் என்று சொன்ன வாயால் என்ன சொல்வது? சரி என்றால், அடுத்த ஆடி. நார்க் கம்பெனி ஓடினால் சரி, ஓடாவிட்டால்? நார் விலை விழுந்தால், மோட்டார் படுத்தால், இன்னொரு காற்று அடித்தால்? அடைக்கலம் தன்னையே பார்த்தார்: கொல்லைப் பக்கம், வேலியோரம், முள் தடுக்கத் தடுக்க, கையில் செருப்போடு பஸ் நிறுத்தத்துக்குச் சுற்றிப் போகிறார். வாசலில் யாழினி நிற்கிறாள், படித்து முடித்து அறந்தாங்கி மருந்துக்கடையில் வேலைக்குப் போகிற பெண், நிலையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள், அப்பா ஊருக்குப் போயிருக்காக. எங்கெங்கோ சுற்றி அந்தப் பாவாடை தன் மகளுக்கே வந்து சேர்ந்துவிடும் போல. மேசையில் விழுகிற ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு முகம் இருக்கிறது, ஒரு ஆடி இருக்கிறது, எழுந்து போகும்போது கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியது. இது வேணாம் மச்சான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், மூன்று வார்த்தை. கூட்டாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த முகம் விழும். விழட்டும். அவர் உதட்டை அசைத்துப் பார்த்தார். சொல் வராமல் காற்று வந்தது. போன தடவையும் இப்படித்தான். அப்போது உள்ளே படுத்துக்கொண்டார், நீல லாரியோடு. இப்போது வாசலில் நிற்கிறார், லாரி இல்லாமல். அதுவே பெரிய வித்தியாசம் இல்லையா என்று கேட்டுக்கொண்டார். வாழைமரத்துப் பக்கத்தில் ஒரு பங்காளியை நிறுத்திவிட்டு, பந்தலின் ஓரமாக, வெந்நீர் அண்டாக்களையும் எச்சில் இலைக் கூடைகளையும் தாண்டி, பெண்கள் பந்தியின் வாசலுக்குப் போனார்.

இளஞ்சியம் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள், மூட்டி வந்ததிலிருந்து மறுபடி அடகுக்கே போகாத ஆரம் கழுத்தில் கிடந்தது. அவர் வருவதைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்து, நாற்காலிக்கு அடியிலிருந்து எவர்சில்வர் தூக்கை எடுத்து, மூடியில் ஊற்றி நீட்டினாள். சுக்குத் தண்ணி. பனங்கற்கண்டு வாசனை வந்தது.

"போயிருச்சா? போயிரும்னு தெரியும். விடியறப்பவே காச்சி வச்சேன். ஒரே முட்டா குடிக்காதீக, சுடும்."

குடித்தார். சுட்டது. அவள் அவர் தோளைத் தாண்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் வைரக்கண்ணு கை கழுவிவிட்டு, துண்டை உதறி, யாரிடமோ அடைக்கலம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் உங்ககிட்ட என்னமோ கேட்டாகளாம்ல," என்றாள். டீக்கடை பேச்சு அவளுக்கு எப்போதோ வந்து சேர்ந்திருக்கிறது. நாலு நாளாக அவளும் கேட்கவில்லை.

அவர் தலையாட்டினார்.

"என்னா சொன்னீக?"

"பாப்போம்னேன்." வெறும் காற்றாகத்தான் வந்தது, ஆனால் அவளுக்குக் கேட்டது. அவள் முந்தானையால் தூக்கின் விளிம்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். கண்ணோரம் சுருங்கவில்லை. அவள் பயந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வைரக்கண்ணு இவர்களைப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கிக் காட்டி, நாற்காலிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். அன்னைக்கி அதைச் சொன்னது நானா நீயா என்று கேட்கத்தான் அவர் வந்தார், இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்தது அதுதான். கிட்டத்தில் வந்து அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்தக் கேள்விக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. மிச்சத் தண்ணியையும் குடித்து, மூடியை அவள் கையில் கொடுத்து, கொடுத்த கையை எடுக்காமல், இருந்த குரலை எல்லாம் கூட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"இளஞ்சியம், நாளைக்கிக் குழுவுல, மச்சாங்கிட்ட நான் என்னா சொன்னேன்னு சொல்லப் போறே?"